காய்ச்சலே வராத பிள்ளை

குக்கர் விசில் அடித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மடியில் வைத்திருந்த டேப்லெட் நழுவி, பலகைத் தரையில் விரித்திருந்த பாயில் விழுந்தது.

"பயந்துட்டியளா பெரியம்மா? பழைய குக்கரு, அப்பிடித்தான் கத்தும்" என்று இசக்கி சிரித்தாள்.

தாராவியில் ஒரு தகரப் பட்டறைக்கு மேலே இருந்தது அவள் அறை. கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுவிடலாம். அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அவள் மகள் தனு உட்கார்ந்திருந்தாள். இரண்டரை வயது. கொடியில் துணிக்கு மாட்டும் கிளிப்புகளைத் தரையில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். விசிலுக்கு அவள் தலை திரும்பவில்லை. கிளிப்பைப் பிடித்திருந்த விரல்கூட அசையவில்லை.

"பாத்தியளா, எம் பிள்ளை எதுக்கும் பயப்பட மாட்டா. சத்தத்துலயே வளந்த பிள்ளைல்லா" என்றாள் இசக்கி.

கீழே பட்டறையில் காலையிலிருந்து தகரம் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒவ்வொரு அடியும் என் மண்டைக்குள் இறங்கியது. அந்தச் சத்தத்தில் தூங்கி எழுந்து வளரும் குழந்தைக்குக் குக்கர் விசில் ஒரு பொருட்டா என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் தனு கிளிப்புகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வாசலுக்கு ஓடினாள். வாசல் என்றால் செங்குத்தான இரும்பு ஏணி வந்து முடிகிற இடம். பக்கத்து அறைக்காரி தண்ணீர்க் குடத்தோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். அவள் தலை தெரிவதற்கு முன்பே தனு அங்கே போய்ச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"யாரு ஏறினாலும் இவளுக்குத்தான் முதல்ல தெரியும். காது அம்புட்டு கூர்மை" என்றாள் இசக்கி.

நான் டேப்லெட்டைத் துடைத்து எடுத்துக் கேள்விகளைத் தொடர்ந்தேன். கடந்த ஒரு மாதத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததா? இல்லை. இருமல், சளி? இல்லை. வயிற்றுப்போக்கு? இல்லை. வைத்தியத்துக்கு எங்கேயாவது அழைத்துப் போனீர்களா? எதுக்குப் போகணும் பெரியம்மா, எம் பிள்ளைக்கித்தான் ஒண்ணுமே கிடையாதே.

மாமி கேட்ட கேள்வி

போன வாரம் இந்தத் தொடரில் நான் ஓய்வுபெற்ற நாளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு மாமி, வாழைப்பூவைக் கையில் பிடித்தபடி என்னை வழிமறித்தாள். "அதுக்கப்புறம் என்னதான் பண்ணினேள்? அதைச் சொல்லாம நிறுத்திட்டேளே" என்று கேட்டாள்.

இதைத்தான் பண்ணினேன் மாமி. வீடு வீடாகப் போய், உங்கள் குழந்தைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

நான் ஆபீஸை விட்ட அதே வருடம் அம்மாவும் போய்விட்டாள். கல்யாணம் என்று ஒன்று எனக்கு நடக்கவில்லை. அந்தக் கதையை ஏற்கெனவே எழுதித் தொலைத்தாகிவிட்டது. தம்பி டோம்பிவிலியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். சாப்பிட்டியா? சாப்பிட்டேன். உடம்பு எப்படி இருக்கு? பரவாயில்லை. அதோடு சரி. மற்ற நாட்களில் என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே மறந்துபோகும். காய்கறிக்காரனிடம் பேச வாயைத் திறந்தால் முதல் வார்த்தை தொண்டையிலேயே மாட்டிக்கொள்ளும்.

தனியாக இருப்பது பழகிவிடும் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பழகவில்லை. இன்றுவரை பழகவில்லை.

அப்போது எங்கள் கட்டடத்துப் பெண் ஒருத்தி, ஒரு ஆராய்ச்சிக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்த பெண்களைத் தேடுகிறார்கள் என்று சொன்னாள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மூன்று இடத்திலும் சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு மாதம் ஒருமுறை போக வேண்டும். குழந்தைக்கு என்ன வந்தது, யாரிடம் காட்டினார்கள், ஏன் அவரிடம் காட்டினார்கள், காட்டாவிட்டால் ஏன் காட்டவில்லை. இதைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். இளம் பெண்கள் நிறையப் பேர் வந்தார்களாம். தமிழ் பேச்சில் வெளுத்து வாங்கினார்களாம். கேள்வித்தாளைக் கையில் கொடுத்ததும், இது ஹிந்தியில் இருக்கிறதா என்று கேட்டார்களாம். கடைசியில் கிழவி எனக்கு வேலை கிடைத்தது.

கைராசிக்குக் கட்டம் இல்லை

செம்பூரில் பாதி நேரம் வாட்ச்மேனோடு போய்விடும். எந்த ஃப்ளாட், என்ன வேலை, யார் அனுப்பினார்கள் என்று அவன் கேட்கிற கேள்விகள் எங்கள் ஆராய்ச்சியைவிட நீளம். மாட்டுங்காவில் குழந்தை ஒரு தும்மல் போட்டால் போதும், அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டுத்தான் மறு காரியம்.

தாராவியில் கதவு திறந்தே இருக்கும். யாரும் யார், எவர் என்று கேட்க மாட்டார்கள். முதலில் உட்காரச் சொல்வார்கள், டீ வரும், அப்புறம்தான் என்ன விஷயம் என்பார்கள்.

அங்கே ஒரு கேள்விக்கு மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே பதில் வரும். குழந்தையை ஏன் அந்த டாக்டரிடம் அழைத்துப் போனீர்கள்? "அவரு கைராசிக்காரரு." சந்து முனையில், பச்சைத் திரை போட்ட ஒரு சின்னக் கடைக்குள் அந்தக் கைராசிக்காரர் உட்கார்ந்திருப்பார். ஒரு ஊசி, பொட்டலத்தில் கலர் கலராக மாத்திரை. வேலை முடிந்து இருட்டின பிறகு போனாலும் கடை திறந்திருக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டர்கள்தான். ஆனால் கேஸ் பேப்பர் எடுக்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மருந்து வாங்க இன்னொரு வரிசை. ஒரு நாள் வேலை போச்சு. படித்தவர்கள் இதை அறியாமை என்பார்கள். நானும் போவதற்கு முன்னால் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டேப்லெட்டில் கைராசிக்கு ஒரு கட்டம் இல்லை. அதனால் "மற்றவை" என்பதைத் தட்டிவிடுவேன். எங்கள் மேற்பார்வையாளர் வைஷாலிக்கு அதில் தாங்க முடியாத கோபம். மராட்டிக்காரப் பெண், என் வயதில் பாதிகூட இருக்க மாட்டாள். "ஆன்ட்டி, தாராவி முழுக்க மற்றவையா?" என்று ஹிந்தியில் கேட்பாள். ஆமாம் என்பேன்.

நாள் முழுக்கப் பேசியவள்

இசக்கி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் முருகேசன் ஐரோலியில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. விடிவதற்கு முன்னால் கிளம்பினால் ராத்திரிதான் வருவான். அக்கம்பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் எல்லாரும் ஹிந்திக்காரர்கள். இசக்கிக்கு ஹிந்தி பிடிபடவில்லை. தண்ணீருக்குப் பானி, அரிசிக்குச் சாவல், விலை கேட்கக் கித்னா, இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள்.

முதல் தடவை போனபோது என்னை மேடம் என்றாள். அடுத்த தடவையே பெரியம்மா ஆகிவிட்டேன். எனக்கு அக்கா தங்கை கிடையாது. என்னைப் பெரியம்மா என்று கூப்பிட இந்த உலகத்தில் யாரும் இருந்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த இரும்பு ஏணியில் மூட்டு வலியோடு ஏறுவேன். மாதம் போக வேண்டிய வீடுகளில் அவள் வீட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். அப்போதுதான் நிதானமாக உட்கார முடியும்.

எப்போது போனாலும் ஏறும்போதே அவள் பேச்சுக் கேட்கும். உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போவேன். யாரும் இருக்க மாட்டார்கள், தனு மட்டும்தான்.

"இன்னைக்கி கத்திரிக்கா புளிக்கொழம்பு வைப்பமா? ஒங்கப்பாவுக்குப் பிடிக்கும்லா. ஒனக்கு வேணாமா? ஏன் மூஞ்சியத் திருப்புத? சரி, ஒனக்குப் பருப்பு எடுத்து வைக்கேன்" என்று வெங்காயம் உரித்தபடி பேசிக்கொண்டே போவாள். அவள் அம்மா வீட்டு மாடு கன்று போட்டது, தம்பிக்குப் பெண் பார்ப்பது, கீழே பட்டறைக்காரன் முறைத்தது, எல்லாம் தனுவிடம்தான். தனு அம்மாவின் முகத்தையே பார்ப்பாள். அம்மா சிரித்தால் சிரிப்பாள். அம்மா கையை ஆட்டினால் ஆட்டுவாள்.

"இவ மட்டும் இல்லன்னா எனக்குப் பைத்தியமே பிடிச்சிருக்கும் பெரியம்மா" என்று ஒருநாள் சொன்னாள்.

எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. பேசுவதற்கு ஒரு ஆள் இருக்கிறதே இவளுக்கு.

தனு இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை. அதற்கு எல்லாரிடமும் பதில் தயாராக இருந்தது. வீட்டில் தமிழ், வெளியில் ஹிந்தி. இரண்டு பாஷை கேட்கிற பிள்ளை தாமதமாகத்தான் பேசும். பம்பாயில் பிள்ளை வளர்த்த தமிழர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். என் தம்பி பையனுக்கே எங்கள் அம்மா இதைச் சொல்லியிருக்கிறாள். அதோடு தனு கொரோனா சமயத்தில் ஊரில், வீட்டிலேயே பிறந்தவள். ஆள் முகமே பார்க்காமல் வளர்ந்த பிள்ளை, மெதுவாகப் பேசும் என்று மாமியார் போனில் சொன்னாளாம். கைராசி டாக்டரும், மூன்று வயது ஆகட்டும் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்.

அம்மாவும் மரத்தரையும்

குக்கர் விசிலடித்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து காபி கலந்தேன். டம்ளரை எடுத்துக்கொண்டு கூடத்தைக் கடக்கும்போது, அம்மாவின் நாற்காலி இருந்த இடத்தில் என் கால் தானாக ஓங்கித் தரையை மிதித்தது. எத்தனையோ வருடப் பழக்கம்.

அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் காது அடியோடு போய்விட்டது. பின்னாலிருந்து கூப்பிட்டால் தெரியாது. திடீரென்று முன்னால் போய் நின்றால் பயந்துபோவாள், திட்டுவாள். எங்கள் கட்டடம் பழசு, மாடியில் மரத்தரை. அதனால் இரண்டடி தள்ளி நின்று காலால் ஒரு மிதி மிதிப்பேன். அம்மா உடனே திரும்பிப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்தவர்கள், "மாமிக்குக் காது நன்னா கேக்கறதே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

காபி டம்ளரோடு அங்கேயே நின்றேன். இசக்கி வீட்டுத் தரையும் மரப்பலகை. இரும்பு ஏணியை அந்தப் பலகையில்தான் திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறார்கள். ஏணியில் யார் கால் வைத்தாலும் பலகை அதிரும். குக்கர் விசிலுக்குப் பலகை அதிராது.

காபி ஆறிப்போனது. இந்த விஷயத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. வீட்டில் யாரும் இல்லை.

நாங்கள் கேட்க வந்தவர்கள்

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. தாய்மாரிடம் கேட்கலாம், ஆலோசனை சொல்லக் கூடாது. பயிற்சியின்போது வைஷாலி இதை மந்திரம் மாதிரி ஓதியிருந்தாள். நாம் சொல்லி அவர்கள் டாக்டரிடம் போனால், அவர்களாக என்ன செய்வார்கள் என்பது நமக்கு எப்படித் தெரியும்? நியாயம்தான். குழந்தைக்கு வலிப்பு, மூச்சுத் திணறல் என்று இருந்தால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். காது கேட்காதது அதில் வராது. எங்கள் கேள்விகளிலும் அது வராது. காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டோம், இருமல் இருக்கிறதா என்று கேட்டோம். கூப்பிட்டால் திரும்புகிறாளா என்று கேட்கவே இல்லை.

மறுநாள் காலை வைஷாலியிடம் சொன்னேன். தரையை, அம்மாவை, விசிலை எல்லாம் சொன்னேன். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

"நிச்சயமா தெரியுமா ஆன்ட்டி?"

"தெரியாது. ஆனா சும்மா இருக்க என்னால முடியாது."

அவள் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் அம்மாவுக்குப் போன் செய்தாள். பதில் சட்டென்று வந்துவிட்டது. உடனே போய்ச் சொல்லுங்கள், குழந்தை முக்கியம்; சிறு வயதிலேயே கண்டுபிடித்தால்தான் பேச்சு வரும், ஒரு மாதம்கூட வீணாகக் கூடாது. ஆனால் நாம் தலையிட்ட பிறகு அந்த வீடு ஆராய்ச்சியில் இருக்க முடியாது. அதற்குப் பதில் வேறு வீடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

"அங்கே அப்புறம் போக வேண்டியதில்லை ஆன்ட்டி" என்றாள் வைஷாலி.

சரி என்றேன். சொல்வதற்கு அனுமதி கிடைத்ததே என்று நிம்மதியாகத்தான் இருந்தது. கூடவே, அந்த வீடு என் கையை விட்டுப் போகிறதே என்று வருத்தமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்தேதான் இருந்தன.

பால்வாடித் தரை

இசக்கிக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எம் பிள்ளைக்கா? என்ன பேச்சு பேசுதிய? நீங்களே பாத்தியள்லா, ஏணியில ஆளு ஏறினா எப்பிடி ஓடுதா. இப்ப பாருங்க" என்று எழுந்துபோய் தனுவுக்குப் பின்னால் நின்று கை தட்டினாள். எழுந்த வேகத்தில் பலகை குலுங்கியது. தனு திரும்பிச் சிரித்தாள்.

"இப்ப என்ன சொல்லுதிய?"

"அவ தரை ஆடினதுக்குத் திரும்பறா இசக்கி. ஆடாத தரைக்குப் போய்ப் பார்ப்போம். நான் சொல்றது தப்பா இருந்தா என்னை நன்னா திட்டிடு."

சந்தின் கோடியில் ஒரு பால்வாடி இருந்தது. மத்தியான நேரம், பிள்ளைகள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். சிமெண்ட் தரை. இசக்கி ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்து வந்திருந்தாள். தனுவை உட்கார வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றோம். சுவரில் ஒரு யானை வரைந்திருந்தது. தனு யானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தனு" என்று கூப்பிட்டாள் இசக்கி. பிறகு "ஏ தனு" என்றாள். பிறகு "எங்கண்ணு, இங்க பாரேன்" என்றாள். பிறகு தட்டை ஓங்கி அடித்தாள். கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் எழுந்து பறந்தன. பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

தனு யானையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இசக்கி மறுபடி அடித்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நாளைக்கே போவோம் பெரியம்மா. அவுககிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள்.

நான் சொன்ன மொழிபெயர்ப்பு

பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். இசக்கிக்கு ஹிந்தி தெரியாது என்பது ஒரு காரணம். எனக்கு வீட்டில் வேலை இல்லை என்பது இன்னொரு காரணம். அதுவரை மற்றவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பதிவு செய்த வரிசைகளில் நானே நின்றேன். காது டாக்டர் பார்த்துவிட்டு, மூளைவரை சத்தம் போகிறதா என்று ஒரு பரிசோதனைக்கு நாள் கொடுத்தார். அதற்குச் சில வாரம் காத்திருந்தோம். அந்த வாரங்களில் இசக்கி தனுவிடம் பேசுவதை நிறுத்தவில்லை. குரலை மட்டும் உயர்த்திக்கொண்டாள். ஏணியில் ஏறும்போது அவள் கத்துவது கேட்கும்.

பரிசோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டும். மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர்களை ஒட்டினார்கள். அந்த அறையில் ஒரு சத்தமும் கிடையாது. என் மூச்சே எனக்குப் பெரிதாகக் கேட்டது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த இளம் பெண் நெடுநேரம் பார்த்துவிட்டு, ஹிந்தியில் மெதுவாக விளக்கினாள். நல்ல பெண். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, நான் தமிழில் சொல்வதற்குக் காத்திருந்தாள்.

ஆபீஸில் எத்தனையோ ஹிந்தி சர்க்குலரை மொழிபெயர்த்திருக்கிறேன், ஒன்றும் உதவவில்லை.

"ரெண்டு காதும் இசக்கி. ரொம்ப ரொம்பப் பெரிய சத்தம்தான் கொஞ்சம் போறதாம். பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான் இருக்கும்னு சொல்றா."

இசக்கி தூங்குகிற குழந்தையைப் பார்த்தபடி கேட்டாள். "அப்ப இத்தன நாளும் நான் பேசுனது?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், என்ன கேட்கிறாள் என்று. நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

ஒரு பாஷை போதும்

இரண்டு காதுக்கும் மிஷின் போட்டார்கள். அதுவும் போதாவிட்டால் பிறகு ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம் என்றார்கள். முதல்முறை மிஷினை ஓட விட்டபோது தனு முகத்தைச் சுளித்து அழுதாள். அந்த அழுகையைப் பார்த்து அந்த அறையில் இருந்த எல்லாரும் சிரித்தோம், இசக்கி உள்பட.

மிஷின் போட்டால் மட்டும் பேச்சு வராது. வாரா வாரம் பயிற்சி வேண்டும். பயிற்சி கொடுக்கும் அம்மா வெளிப்படையாகப் பேசினார். தாய்மொழிதான் நல்லது, இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குத் தமிழ் தெரியாது. இங்கே தமிழில் பயிற்சி கொடுக்க ஆள் எனக்குத் தெரிந்து இல்லை. இந்தப் பிள்ளை போகக்கூடிய பள்ளிக்கூடத்திலும் ஹிந்திதான். தாமதமாகிவிட்டது, இவள் தலையில் இரண்டு பாஷையை ஏற்ற வேண்டாம். எதுவானாலும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வீட்டிலும் அதையே பேசுங்கள் என்றார்.

ஊருக்குப் போய்விட்டால் தமிழிலேயே பயிற்சி கிடைக்கும், அங்கே சிறப்புப் பள்ளிகள் உண்டு என்று நான் விசாரித்துச் சொன்னேன். முருகேசனும் போகச் சொன்னான். வேலையை விட முடியாது, நான் மாசாமாசம் வந்து பார்க்கிறேன் என்றான். இசக்கி ஒரு வாரம் யோசித்தாள்.

"ஊருக்குப் போனா எனக்குப் பேச ஆளு இருக்கும் பெரியம்மா. ஆத்தா இருக்கா, மைனி இருக்கா. தெனமும் நெனைக்கேன். ஆனா இவ அப்பா ஏணியில கால் வச்சதும் இவ ஓடுதா பாருங்க, அந்த ஒண்ணுதான் இம்புட்டு நாளா இவளுக்குக் கேட்டிருக்கு. அதைப் பறிச்சிட்டு நான் எங்க போக?"

அப்படியானால் ஹிந்தி. இசக்கி எழுந்து, மூக்கைச் சிந்திவிட்டு, "பூனைக்கு ஹிந்தியில என்ன பெரியம்மா?" என்று கேட்டாள். பில்லி என்றேன். பில்லி, பில்லி என்று சொல்லிக்கொண்டாள்.

கீழே வாங்க

ஆராய்ச்சியில் இசக்கி வீட்டுக்குப் பதில் இன்னொரு வீட்டைக் கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள்தான். கேள்விக்குப் பதில் சொல்லி, டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நான் தாராவியை விட்டுக் கிளம்பும்போது அந்தத் தகரப் பட்டறையைத் தாண்டித்தான் வர வேண்டும். போகக் காரணம் இல்லை என்று சொல்லிக்கொண்டு தாண்டி வந்துவிடுவேன்.

சில மாதம் கழித்து ஒரு நாள் தாண்ட முடியவில்லை. மாட்டுங்காவில் வாங்கிய முறுக்குப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். உள்ளே பேச்சுச் சத்தம் இல்லை. ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்தி, பாடம் ஒப்பிப்பது மாதிரி ஒரு குரல் மட்டும் கேட்டது. "யே க்யா ஹை? யே சம்மச் ஹை. சம்மச்." கரண்டிக்கு ஹிந்திப் பாடம். இசக்கியின் குரல் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தனு என்னைப் பார்த்து ஓடிவந்தாள். காதுக்குப் பின்னால் ரோஸ் நிறத்தில் மிஷின். நல்ல உயரம் வளர்ந்திருந்தாள். நான் வாயைத் திறந்து, "எப்படி இருக்கே இசக்கி?" என்று தொடங்குவதற்குள் இசக்கி தன் உதட்டின் மேல் விரலை வைத்தாள். "தனு, ஆன்ட்டி. நமஸ்தே. நமஸ்தே போலோ" என்றாள். தனு கைகூப்பினாள். "மத்தே" என்றாள்.

என் கண் நிறைந்துவிட்டது. இசக்கிக்கும்தான்.

பிறகு அவள் பக்கத்து அறைக்காரியிடம் ஹிந்தியில் ஏதோ சொல்லிக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள விட்டுவிட்டு, என் கையைப் பிடித்தாள். வாசலில் வந்து காதோடு காதாகச் சொன்னாள்.

"கீழ வாங்க பெரியம்மா. இங்க வச்சுப் பேசுனா அவ காதுல விழுந்துரும்."

சந்தில் பட்டறை ஓரமாக நின்றோம். தகரம் தட்டுகிற சத்தத்தில் அவள் பேசிய பேச்சு இருக்கிறதே, அணை உடைந்த மாதிரி. ஊரில் தம்பிக்குக் கல்யாணம் முடிந்தது, இவளால் போக முடியவில்லை. மாமியார், சொந்தப் பிள்ளையிடம் தமிழ் பேசாத பொம்பளை உண்டா என்று போனில் ஏசினாள். ராத்திரியில் முருகேசனோடு பேசுவதுகூடத் தனு தூங்கிய பிறகுதான். "சில நேரம் கனவுல பேசிருவனோன்னு பயமா இருக்கு பெரியம்மா. ஒரு நாளு முழுக்க எங்க ஆத்தா பேச்சே வாயில வரல. அன்னைக்கிக் கக்கூஸுல போய் உக்காந்து அழுதேன்."

நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். இனிமேல் ஒவ்வொரு வாரமும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"வாங்க. வந்து கீழ நின்னு ஒரு சத்தங் குடுங்க, நான் எறங்கி வாரேன். எங்க ஆத்தா என்ன சொல்லுவான்னா..."

மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. "மா." மூக்கால் வருகிற, பழக்கமில்லாத, கொஞ்சம் முரட்டுக் குரல். பிறகு இன்னும் பலமாக, "மா. பானி."

இசக்கி பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். மேலே பார்த்து, "ஆத்தீ ஹூங் பேட்டா", வருகிறேன் கண்ணே, என்று ஹிந்தியில் சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறினாள்.

அவள் ஆத்தா என்ன சொல்லுவாள் என்று கேட்க நான் மறு வாரம் போனேன்.